காளானின் அடிப்பக்கம்

மழைக்காலத்தில் ஜவ்வாது மலைக்கு நடக்கப் போனால் செடிகளையும் காளான்களையும் படம் எடுப்பேன். ஒருமுறை அழகான ஒரு வெள்ளைக் காளானைப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "சாப்பிடலாம்" என்று எழுதிப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். நான் எழுதினால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் மலையடிவாரத்துப் படவேட்டிலிருந்து சித்தி போன் செய்தார். "நீ போட்ட காளான் நம்ம கொல்லையிலயும் மொளைச்சிருக்குது. கொழம்பு வெச்சிட்டேன்."

என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து மட்டுமே எடுத்திருந்தேன். குடையின் அடிப்பக்கத்தையும் மண்ணுக்குள் இருக்கும் தண்டையும் பார்க்காமல் நல்லதா விஷமா என்று சொல்ல முடியாது. அது தெரிந்தும் நான் அன்று குனிந்து பார்க்கவில்லை.

"சாப்பிடாதீங்க சித்தி."

"உங்க சித்தப்பா ரெண்டு வாய் தின்னுட்டாரே. இன்னாடி, வெசமா?"

"தெரியல."

"தெரியலயா? நீதானடி எழுதன."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். சித்தப்பாவை இரண்டு நாள் அங்கே வைத்திருந்து பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீடு திரும்பியதும் சித்தி குழுவில், "நம்ம பொண்ணு சொன்னது சரிதான், நல்ல காளான்" என்று எழுதினார். எல்லோரும் கைதட்டும் பொம்மைகளைப் போட்டார்கள். தெரியாமல்தான் எழுதினேன் என்று அதற்குக் கீழே போட எனக்கு மேலும் இரண்டு நாள் ஆனது.