தகரக்குழல்காரர்

நாட்டில் முதன்முதலாக ஓட்டுப் போட்ட சமயம். ஏலமலையிலிருந்து வரும் ஓடையின் கரையில் வெளிக்குப் போகாமல் வீட்டுக்கு வீடு கக்கூஸ் குழி வெட்டச் சொல்லி, ஒருவர் சர்க்கார் ஜீப்பில் எங்கள் ஊர் சிலமலைக்கு வந்தார். ஒட்டடைக்குச்சி உடம்பு. கையில் ஊருக்கே கேட்கப் பேசும் தகரக்குழல்; பேசுமுன் அதன் வாயைக் கைக்குட்டையால் துடைப்பார்.

எனக்குப் படிப்பு இல்லை, வாய்தான் நீளம். "அண்ணே, குழிக்குள்ள விழுந்தா உங்க ஜீப்பு வந்து தூக்குமா?" என்றேன். ஊரே சிரித்தது. அவர் சிரிக்காமல் என் பெயரைக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பக்கத்து ஊரான தேவாரத்தில் அவர் குழல் முழங்கியது: "சிலமலை மாயாண்டி மாதிரி ஓடையில குந்தாதீங்க!"

என் மூஞ்சிக்கு அமைந்த ஒரே சம்பந்தம் தேவாரத்தில்தான். பெண்ணின் அப்பா வந்து நின்றார். "மாப்ளே, ஊரே சிரிக்குது. வெரசா குழிய வெட்டு. இல்லேன்னா பொண்ணு இல்ல."

தகரக்குழல்காரரைத் திட்டிக்கொண்டே வெட்டினேன். அவரே பார்க்க வந்தார். எட்டிப் பார்த்தார், குழலைத் துடைத்தார், "ஆழம் பத்தாது மாயாண்டி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

கல்யாணம் நடந்தது. அந்த மனிதர் எப்போதாவது சிரித்திருப்பாரா என்று இன்றும் யோசிப்பேன். ஆனால் நான் பழியை விடவில்லை. தினமும் காலையில், "தகரக்குழல்காரரைப் பார்த்துட்டு வர்றேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் குழிப்பக்கம் போகிறேன்.