நிப்பிளும் பசியும்

என் மகளுக்கு ஒன்றரை மாதமானபோது கடலூரில் ஒரு மருந்துக்கடையில் அந்த நிப்பிளை வாங்கினேன். பால் வராது, சும்மா வாயில் வைத்துச் சப்பத்தான். சாயங்காலமானால் அவள் விடாமல் அழுவாள். மனைவிக்கு சிசேரியன் தையல் வலி. பிள்ளையைத் தோளில் போட்டு நடக்க முடியாது. நான் வேலை முடிந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து சேர ஏழு மணியாகிவிடும்.

வெந்நீரில் போட்டெடுத்து வாயில் வைத்ததும் அழுகை நின்றது. என்னையே பார்த்துக்கொண்டு சப்பினாள். வெகுநாளைக்குப் பிறகு மனைவி ஆற அமரச் சாப்பிட்டாள். "இத மொதல்லயே வாங்கியாந்திருக்கலாம்ல?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டரை மாத ஊசிக்குப் போனபோது எடை பார்த்தார்கள். ஏறவே இல்லை. டாக்டரம்மா பிள்ளையின் வாயிலிருந்ததைக் காட்டி, "இத எப்பப்ப வெப்பீங்க?" என்று கேட்டார்.

"அழும்போதெல்லாம் வெப்போம் மேடம். ஒடனே அடங்கிடுவா."

"பசிக்குதுன்னு அவ வேற எப்படிச் சொல்லுவா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிப்பிளை நானே பிள்ளையின் வாயிலிருந்து எடுத்தேன். பசியில் அழுத பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு, சமத்து என்று கொஞ்சியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் குப்பையில் போடப் போனேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "அதும்மேல ஏன் கோவம்? நாமதான் ஜாஸ்தியா குடுத்துட்டோம். மொதல்ல பால் குடுக்கறேன். வயிறு ரொம்பியும் தூங்க அழுதா மட்டும் வெப்போம்."

அதன்பிறகு அழுகையைக் காதுகொடுத்துக் கேட்டோம். பசி என்றால் அழுவதற்கு முன்பே கைவிரல்களை வாய்க்குக் கொண்டுபோவாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த மாதம் எடை ஏறியிருந்தது. டாக்டரம்மாவே, "நிப்பிள் கொண்டாந்தீங்களா? ஊசி போடறப்ப வாயில வைங்க, வலி அவ்ளோவா தெரியாது" என்றார். கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய அவள் சப்பினாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்தி எடுப்பதற்குள் அடங்கிவிட்டாள்.

ஒரு வயதில், முளைத்த பற்களால் அதைக் கடித்துக் கிழித்தாள். துண்டு தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயந்து அன்றோடு நிறுத்தினோம். இரண்டு நாள் மதியத் தூக்கமே இல்லை, ஒரே அழுகை. மூன்றாம் நாள் தன் அம்மாவின் நைட்டிப் பட்டனைத் திருகிக்கொண்டே தூங்கிப்போனாள். வாரம் ஒரு முறை அறுந்துபோகும் அந்தப் பட்டனைத் தைப்பது என் வேலையானது.