மல்லி டிரெய்லரில் ஏறிய விதம்

1. பன்னிரண்டு நாள் உழைப்பும் ஒரு காலைப்பொழுதும்

குதிரைகளை டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் ஓட்டுநராக முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் நான். இத்தொழிலுக்குப் புதிதாக வருவோருக்குப் பயன்படும் என்று கருதி, என் தவறு ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மலேசியாவில் சுபாங் ஜெயாவுக்கு அருகிலுள்ள ஒரு லாயத்தில் மல்லி என்னும் பெண்குதிரை இருந்தது. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட அதனை, பணி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வாங்கி வளர்த்து வந்தார். அதன் வலக்கண்ணின் உள்ளிமையில் ஒரு கட்டி தோன்றியது. இம்மாதத்துக்குள் அறுத்து எடுத்தால் கண் தப்பும், தாமதித்தால் கண்ணையே அகற்ற நேரிடும் என்று மருத்துவர் கூறிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு டெங்கில் என்னும் ஊர்ப் பக்கமுள்ள மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும்.

மல்லியோ டிரெய்லரைக் கண்டாலே கால்களை ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். காரணத்தை நான் அறிவேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதனை இந்த லாயத்துக்கு ஏற்றி வந்தவன் நானே. வழியில் டயர் வெடித்து டிரெய்லர் ஆட்டம் கண்டது. உள்ளே விழுந்த மல்லியின் முழங்கால் கிழிந்தது.

லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் முனியாண்டியும் நானும் பன்னிரண்டு நாள்கள் பொறுமையாகப் பழக்கினோம். முதலில், டிரெய்லரில் ஏறுவதற்கான சாய்பலகையான ரேம்ப்பின் அடியில் தீவனம் வைத்தோம். பின்னர் ரேம்ப்பின் மேல், அதன்பின் உள்ளே. நின்று தின்னப் பழகியதும், குதிரை பின்னால் இறங்காமல் தடுக்கும் பின்கம்பியைப் பூட்டினோம். டிரெய்லரை இழுக்கும் லோரியின் எஞ்சினை ஓடவிட்டோம். இறுதியில் லாயத்து வளாகத்துக்குள் இரண்டு சுற்று ஓட்டியும் காட்டினோம். மல்லி புல்லை மென்றுகொண்டே வந்தது.

புறப்படும் நாள் காலையில் அனைத்தும் தலைகீழாயின. ரேம்ப்பின் முன் வந்த மல்லி மூக்கை விடைத்தது. பின்வாங்கியது. முனியாண்டியின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு திடலின் மறுகோடிக்கு ஓடிற்று. மும்முறை முயன்றும் பலனில்லை.

"ஆப்பரேஷன்னு தெரிஞ்சிடுச்சா இதுக்கு?" என்றார் டீச்சர்.

"தெரிஞ்சிருந்தா நேத்தே டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கி லீவு எடுத்திருக்கும் லா டீச்சர்," என்றார் முனியாண்டி. ஒருவரும் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் ஒன்பது நாள் கழித்து வேறொரு நாள் கொடுத்தனர். அதற்குப் பிறகு அம்மாதத்தில் நாள் இல்லை.

2. மாலையில் விளங்கியது

அன்று மாலை முனியாண்டி ஒரு கேரட்டை உள்ளே போட்டார். மல்லி தானாகவே ரேம்ப்பில் ஏறிப்போய்த் தின்றது.

"அண்ணே, அதே வண்டி, அதே கயிறு. காலையில நீங்க புதுசா என்ன பண்ணீங்க?" என்று முனியாண்டி என்னைக் கேட்டார்.

"நான் என்ன பண்ணேன்? எப்பவும் போல வண்டிக்குச் சூடம் காட்டினேன், அவ்ளோதான்."

"பிராக்டிஸ் அன்னிக்கெல்லாம் காட்டலையே நீங்க."

"பிராக்டிஸுக்கு எதுக்குய்யா சூடம்? வண்டி ரோட்டுக்குப் போனாத்தானே காட்டுறது?"

சொல்லி முடித்த பின்னர்தான் என் சொல் எனக்கே உறைத்தது. டயர் வெடித்த அந்த நாளிலும், குதிரையை ஏற்றுமுன் இதே ரேம்ப்பின் எதிரே சூடம் ஏற்றியவன் நான்.

மறுநாள் காலை, டிரெய்லர் கண்ணில் படாத ஓர் இடத்தில், புல் அண்டாத சிமெண்டுத் தரையில் ஒரே ஒரு சூட வில்லையைக் கொளுத்தினேன். காற்றில் மணம் சென்றடைந்ததும் மல்லியின் காதுகள் பின்னால் படிந்தன. கழுத்தெல்லாம் வியர்த்தது. பன்னிரண்டு நாள்களாக டிரெய்லரின் அச்சத்தைப் போக்கிய நாங்கள், சூடத்தின் அச்சத்தைத் தொடவே இல்லை.

3. எட்டு நாள்

"அப்போ சூடமே வேணாம். வீட்லயே சாமி கும்பிட்டுட்டு வாங்களேன்," என்றார் டீச்சர்.

"நல்லா சொன்னீங்க. அண்ணன் சூடம் காட்டாம கிளட்ச்சையே மிதிக்க மாட்டாரு," என்றார் முனியாண்டி.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. அவ்வழக்கத்தைக் கைவிட என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் வேறொரு காரணமும் இருந்தது. நாளை வேறொருவர் மல்லியை ஏற்ற நேரிடலாம். நம்மவர் வண்டியென்றால் அவரும் சூடம் காட்டுவார். ஆகவே மல்லிக்கே அதனைப் பழக்குவது என்று முடிவு செய்தேன்.

நாள்தோறும் காலையில் தீவன வாளியை வைத்த பின்னரே, ஐம்பது அடி தள்ளி ஒரு வில்லையை ஏற்றினேன். முதல் நாள் மல்லி வாளியைத் தொடவில்லை. இரண்டாம் நாள் நான்கு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. நாளுக்கு நாள் சில அடிகள் நெருங்கினேன். ஐந்தாம் நாள் அவசரப்பட்டு அதிகம் நெருங்கியதால் வாளி கவிழ்ந்தது. மறுநாள் நான்காம் நாள் இடத்துக்கே திரும்பி, மல்லி அமைதியாகத் தின்ற பின் மெல்ல மெல்ல மீண்டும் நெருங்கினேன். ஏழாம் நாள் ரேம்ப்பின் பக்கத்திலேயே சூடம் எரிய, மல்லி உள்ளே நின்று புல் தின்றது.

எட்டாம் நாள் காலை சூடம் காட்டினேன். மல்லி ஒருமுறை நின்று தீபத்தைப் பார்த்தது. பின்னர் தலையைத் தாழ்த்திக்கொண்டு ரேம்ப்பில் ஏறிற்று. பின்கம்பியைப் பூட்டினேன். லோரி நகர்ந்து, சக்கரத்தடி எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பின்னாலிருந்து மெல்லும் ஓசை மட்டுமே வந்தது.

நண்பகலில் மருத்துவர் வெளியே வந்து, கட்டி முழுவதும் அகற்றப்பட்டதென்றும் பார்வைக்கு ஊறில்லை என்றும் தெரிவித்தார். டீச்சர் அருகிலிருந்த நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார்.

"ரெண்டு கண்ணும் இருக்காம்," என்று எங்களிடமே திரும்பச் சொன்னார். "காலையிலேருந்து யாரும் ஒண்ணும் சாப்பிடலையே. வாங்க, ரொட்டி சானாய் சாப்பிடலாம்."

முனியாண்டி நான்கு ரொட்டி தின்றார். நானும் குறைவாகத் தின்றதாக நினைவில்லை.

நான் கற்றது இதுவே. ஒரு விலங்கு மிரளும்போது அதன் குணத்தைப் பழிக்குமுன், அந்நாளில் நம் கைகள் செய்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். நெடுநாள் பழக்கத்தால் நமக்கே தெரியாமல் செய்வதையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். நான் அதைச் சேர்க்க மறந்தேன். ஒரு கண் போயிருக்கும், நல்லவேளை, போகவில்லை.