கணக்கெடுக்க வந்தவளுக்கு ஒரு குளிர்பானம்

காலை பத்து இருபதுக்கு அந்தப் பொய்யைச் சொன்னேன். எதிரே இருந்தவளைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னதால் நேரம் இன்னும் மறக்கவில்லை.

நலன்புரி உதவிக்குக் குடும்பங்களைத் தெரிவுசெய்ய, முள்ளியவளையில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எங்கள் வீட்டில் நானும் மகளும்தான். கணவர் இறந்து நான்கு வருடம். நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன்; அதில் வருவது சாப்பாட்டுக்கே இழுபறி. மகள் பள்ளியில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். உதவி கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் ஆடைத் தொழிற்சாலை. இது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வெயிலில் சைக்கிள் உழக்கி வருபவருக்கு வெறும் தண்ணீர் கொடுக்க எங்களுக்கு மனம் வராது. அன்று மகள் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடி, உட்கார இரண்டு கதிரையும் அவருடைய பிரிட்ஜிலிருந்து குடிக்க ஒரு கிளாஸ் நெல்லிரசமும் வாங்கி வந்தாள்.

"என்னடி, உன்னைப் பொம்பிளை பாக்க வருகினமோ?" என்று வேலிக்கு மேலால் அக்கா பகிடி விட்டார்.

வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்ல குளிர். பிரிட்ஜ் இருக்கோ அம்மா?" என்று கேட்டாள்.

இரவல் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அது பட்டியலில் உள்ள கேள்வி என்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தவள் சும்மா கேட்கிற கதை என்றே எடுத்தேன்.

"ஓம், இருக்கு."

அவள் கையிலிருந்த பதிவுக் கருவியில் விரலை வைத்தாள்.

அவள் போனதும் மகள் குசினி அடுப்படியிலிருந்து வந்தாள். "எங்களிட்ட எங்கையம்மா பிரிட்ஜ்? ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் எண்டு..."

"அவா நினைக்க வரேல்ல. பதிய வந்தவா."

கிராம அலுவலர் அலுவலகத்தில் ஒட்டிய தெரிவுப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை; பிரிட்ஜ் உள்ள வீடு என்று தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு எழுதினேன். குளிர்சாதனப் பெட்டி எங்களுடையதல்ல என்ற ஒரு வரியை எழுத மூன்று தாளைக் கிழித்தேன். பதில் வரவில்லை. மகள் தோழியிடம் சொல்லி, வருகிற திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டாள். பள்ளிச் சீருடையை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

"அழாதேங்கோ அம்மா. முதல் சம்பளத்தில உங்களுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கித் தாறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. அதே பிள்ளை. நான் பாயை விரிக்க, அதில் அமர்ந்தாள். மகள் பழக்கத்தில் வேலிப்பக்கம் திரும்பினாள். எனக்கோ, ஏன் வந்தாள் என்று கேட்கும் முன்னமே, "இவள் திங்கட்கிழமை வேலைக்குப் போகப் போறாள் பிள்ளை" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"நில்லுங்கோ தங்கச்சி, அங்கை போகாதேங்கோ" என்றாள் அவள். "எங்கட அம்மாவும் ஆக்கள் வந்தா இரவல் வாங்கத்தான் ஓடுவா. எனக்கு அண்டைக்கே விளங்கியிருக்க வேணும். அம்மா, உங்கட மேன்முறையீட்டைப் பாக்கத்தான் வந்தனான். முடிவு என்ர கையில இல்லை. ஆனா இந்தமுறை குசினியையும் பாத்து, இருக்கிறதை மட்டும் பதியிறன். தங்கச்சி, திங்கட்கிழமைக்கு அவசரப்படாதேங்கோ. இப்ப உங்கட கிணத்துத் தண்ணியில ஒரு செம்பு தாங்கோ, எனக்கு அது காணும்."