சீனித்துளசி போட்ட சாக்லேட்

முழங்கால்களுக்கு நடுவே இடுக்கியிருந்த பிளாஸ்கின் சூடு சேலையைத் தாண்டி உறைத்தது நன்றாக நினைவிருக்கிறது. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பில், ஓட்டுநர் அண்ணனுக்குப் பக்கத்து இருக்கை ஆறு வருடம் என்னுடையது. தோட்டத்தில் ஆள் பேரும் காய் எடையும் எழுதும் ரைட்டர் வேலை எனக்கு. பின்னால் பத்துப் பெண்கள் இருப்பார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு, மலையுச்சியில் இருக்கும் போடிமெட்டுக் கடையில் மற்றவர்கள் டீ குடிக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், வீட்டில் எனக்குச் செய்யும் சூடான சாக்லேட்டில் அவருக்கும் ஒரு பங்கு கொண்டுபோனேன்.

செய்முறை என் நாட்குறிப்பில் இருக்கிறது. தோட்டத்து ஓரத்துக் கொக்கோ விதைகளை வாழையிலையில் மூடி ஆறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, இளந்தீயில் வறுத்து, தோல் நீக்கி, எண்ணெய் விடும்வரை அரைக்க வேண்டும். ஒரு தம்ளர் கொதிநீருக்கு இரண்டு தேக்கரண்டி விழுது, தட்டிய ஏலக்காய் ஒன்று. இனிப்புக்கு, சீனிக்குப் பதிலாகத் தொட்டியில் வளர்த்த சீனித்துளசியின் காய்ந்த இலைப்பொடி கால் தேக்கரண்டி; கூடினால் கசக்கும். பிளாஸ்கில் திரிந்துவிடும் என்பதால் பால் சேர்ப்பதில்லை. முதல் மடக்குக் குடித்ததும் அண்ணன் பின்னால் திரும்பி, "நம்ம ரைட்டரம்மா டாக்டரையே ஏமாத்திப்புட்டாக" என்றார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். அண்ணன் விடியற்காலையில் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரை போட்டுவிடுவார், சாப்பிடுவது மெட்டுக்குப் போய்த்தான். தினமும் அப்படியே நடந்ததால் அதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

பதினோராவது வளைவில் அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார், நேராக்க மறந்துவிட்டார். முன்சக்கரம் ஓரக்கல்லில் உரசியது. அந்தப் பக்கம் பனி மட்டுமே தெரிந்தது. "அண்ணே, பிரேக்கு" என்றேன். நிறுத்திவிட்டார். ஆனால் அந்தக் குளிரில் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. என்னைத் தன் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பின்னாலிருந்த ஓர் அக்கா, அவர் வீட்டுக்காரருக்கும் இதே நோய், எட்டிப் பார்த்துவிட்டு, "சீனி எறங்கிருச்சு. இனிப்பு ஏதாச்சும் குடுங்க, வெரசா" என்றார்.

பிளாஸ்கைத் திறந்து இரண்டு மூடி கொடுத்தேன். குடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். ஐந்து நிமிடம். எட்டு. அவர் கண்கள் செருகின. தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. இனிப்புத்தானே கொடுத்தோம் என்று மேலும் ஒரு நிமிடம் காத்திருந்தேன். என் கையெழுத்தில் நானே எழுதிய அளவுகள் அப்போதுதான் மனதில் ஓடின. அதில் சர்க்கரை என்று எதுவுமே இல்லை. அந்த இலை நாக்குக்குத்தான் இனிக்கும், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. "அக்கா, இதுல சீனியே கெடையாது" என்று பின்னால் திரும்பிச் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. மதியம் தோட்டத்தில் பாலில்லாத கட்டன்சாயா போட எல்லாப் பெண்களும் தூக்குவாளிக்குள் சீனிப் பொட்டலம் வைத்திருப்பார்கள். நான்கு பொட்டலத்தை அந்தச் சாக்லேட்டிலேயே கொட்டி விரலால் கலக்கி, அவரை நிமிர்த்தி, சிறுகச் சிறுகக் குடிக்கவைத்தார். கால்மணி நேரம் கழித்து அண்ணன் என்னை "ரைட்டரம்மா" என்று கூப்பிட்டார்.

அந்தப் பொட்டலங்கள் அவர் நினைவில் இல்லை. ரைட்டரம்மா சாக்லேட்டுத்தான் உசிரைக் காப்பாற்றியது என்று ஜீப் ஸ்டாண்டு முழுக்கச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். நான் திருத்தவில்லை. வெட்கமாக இருந்தது. அண்ணன் தன் மனைவிக்கென்று செய்முறையைக் கேட்டபோதும், அளவு பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, கியருக்குப் பக்கத்தில் புதிய பிளாஸ்க் ஒன்று இருந்தது. ஏழாவது வளைவு தாண்டியிருந்தோம். அண்ணன் அதைத் தட்டிக் காட்டி, "மெட்டுக்குப் போக நேரமானாலும் இனிப் பயமில்ல. தலை சுத்துனா இது இருக்குல்ல" என்றார்.

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். பத்துப் பெண்களும் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா இதை நம்பித்தான் இம்புட்டுப் பேரை ஏத்திட்டு வந்திருக்கேன்" என்றார். பிறகு மெதுவாக, "இன்னைக்கும் மாத்திரை போட்டாச்சு, ரைட்டரம்மா. ஒண்ணும் சாப்பிடல."

அக்கா தன் தூக்குவாளியைத் திறந்து இட்லியை முன்னால் நீட்டினார். அண்ணன் கடைசி வாய் விழுங்கி, அதற்குப் பிறகும் கால்மணி ஆகும்வரை யாரும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.

இப்போது அவர் ஜீப் ஓட்டுவதில்லை. நானும் மலைக்குப் போவதில்லை. சாக்லேட் மட்டும் அதே அளவில் வீட்டில் செய்கிறேன். யார் வந்தாலும் கொடுக்கிறேன். ருசிக்கு மட்டும்தான் இது, இதில் சீனி இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கை நீட்டிய பிறகும், சொன்னது காதில் விழுந்ததா என்று முகத்தைப் பார்த்து உறுதி செய்யும்வரை தம்ளரை நான் விடுவதில்லை.