சமையல் கேஸ் அடைத்த கார்

சமையல் கேஸை அடைத்தாலும் கார் ஏசி குளிரும், வேறொன்றும் ஆகாது என்று நம்பிய மேதை நான். என் பழைய கார் ஏசிக்கான கேஸ் சந்தைக்கு வருவது நின்றுபோயிருந்தது.

"அடுப்பு கேஸ் வேணாம் சார், லீக்கானா பேஜாரு. பார்ட்ஸ மாத்தி புது கேஸ் போட்டுக்கலாம்" என்றார் ஆம்பூர் மெக்கானிக் பாய். சிரித்துவிட்டு, வேறு கடையில் சமையல் கேஸையே அடைத்துக்கொண்டேன்.

காலில் மாவுக்கட்டோடு இருந்த மனைவியை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது, காருக்குள் குப்பென்று கேஸ் நாற்றம். வண்டியை நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், ஓடினேன். பள்ளியில் அப்படி ஓடியிருந்தால் கோப்பையே வாங்கியிருப்பேன்.

சைக்கிளில் எதிரே வந்த தோல் தொழிற்சாலைத் தொழிலாளி கத்தினார்: "இன்னா சார், அம்மா உள்ள இருக்காங்க, நீ எங்க ஓடுற?"

கார் தீப்பிடிக்கவில்லை. என் மனைவியை வெளியே தூக்கி வந்தவர் அவர்தான். அப்போது நான் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.