லெய்சாவின் கறுப்புச் சுவர்

எங்கள் பெம்ப்ரோக்‌ஷயருக்கு மூன்று பக்கமும் கடல். அதன் வடகோடி பென் கெமைஸ் முனை. முனைச் சரிவில் தனியாக நிற்கும் வீடு லெய்சாவுடையது. கல்யாணம் ஆகாதவள். இருபது ஆடு, ஒரு பசு, இரண்டு பன்றி, வாயைத் திறந்தால் வம்பு. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வீட்டின் கடல்பக்கச் சுவருக்கு மே மாதம்தோறும் சுண்ணாம்பு அடிப்பார்கள், அழகுக்காக இல்லை. படகிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவர், முனை உச்சியிலிருக்கும் மேட்டுப் பாறைக்கு நேர் கீழே வர வேண்டும். கிழக்கே கார்டிகன் தீவு கரையைவிட்டு விலகித் தெரிய வேண்டும். இரண்டும் ஒருசேர அமையும் இடத்தில் கூண்டை இறக்கினால் சிங்கி இறால். கொஞ்சம் தள்ளினாலும் வெறும் மணல். இதைக் கண்டுபிடித்தவர் லெய்சாவின் அப்பா. அவருக்குப் பிறகு அவள் தம்பி பென்னி அங்கே கூண்டு போட்டான்.

இன்னொரு படகுக்காரன் ஷெங்கின் அந்த இடத்தின் மேல் கண் வைத்தான். ஒரே கோடையில் பென்னியின் கூண்டுக் கயிறுகளை மூன்று முறை அறுத்தான். கேட்டால், "கடல்நாய் கடிச்சிருக்கும்" என்றான். வெறுத்துப்போன பென்னி தெற்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான்; அவன் இடத்தில் ஷெங்கின் கூண்டு போட்டான். இரண்டாம் வருஷம் சுரங்கக் கூரை சரிந்து பென்னி செத்தான். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஷெங்கினும் ஒருவன்.

அடுத்த மே மாதம் லெய்சா அந்தச் சுவருக்குத் தார் பூசினாள். வாளியை மேலே தூக்கிப் போனது நான்தான்.

கடலிலிருந்து பார்த்தால் சரிவிலிருந்த பாறைகளோடு சுவரும் கலந்துபோயிற்று. ஷெங்கினின் கூண்டுகள் மூன்று வாரம் காலியாகவே வந்தன.

"சுவருக்குப் பதிலா ஒரு வெள்ளை ஆட்டக் கட்டி வெச்சு அடையாளம் பாரேன்," என்று படகுக்காரர்கள் கேலி செய்தார்கள்.

கடைசியில் ஷெங்கின் மேலே ஏறி வந்தான். நான் லெய்சாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"லெய்சா, என் பொழப்புல மண்ணப் போடாத."

"நான் என்ன பண்ணேன்? கடல்நாய் வந்து தார் பூசியிருக்கும்."

"உனக்கு என்னதான் வேணும்?"

"ஞாயித்துக்கெழம சபைல எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு, கயித்த அறுத்தது நான்தான்னு சொல்லு."

"சொன்னா வெள்ளையடிப்பியா?"

"மொதல்ல சொல்லு."

சொன்னான். அவன் அம்மா முன்வரிசையில் தலை கவிழ்ந்து அழுதாள். நாங்கள் எல்லாரும் அவனைத் தனியே விட்டு வெளியே போனோம்.

மறுநாள் காலை அவனே ஒரு மூட்டைச் சுண்ணாம்பைச் சுமந்து வந்தான். லெய்சா வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நேத்து நீ சொன்னது பென்னிக்கு," என்றாள். "சுவரு எனக்கு. அது இப்படியே இருக்கட்டும்."

அவன் இறங்கிப் போகும் வரை பார்த்திருந்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால், கடலுக்குத் தெரியாத பக்கமிருந்த பன்றிக் கொட்டிலுக்கு அந்தச் சுண்ணாம்பை அடித்தாள்.